கொச்சிக்கடையில் கொச்சின் கோழி

கொழும்பு மாநகரின் வடபால், துறைமுக மதிலை ஒட்டிக் கிடக்கும் கொச்சிக்கடையைப் பற்றி எழுதப் புகுவோர் எல்லோரும் புனித அந்தோனியார் திருத்தலத்திலே தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது வழக்கம். நாமும் அங்கேதான் தொடங்குகின்றோம். ஆயினும் நாம் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கோழிக்கூடு. நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒன்றில் வெள்ளவத்தையில் பஸ் ஏறினோம். காலி வீதியின் கடற்காற்றை விட்டுப் புறக்கோட்டை நெரிசலுக்குள் புகுந்து, செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டி இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. அந்தோனியாருக்கு உரிய நாள் செவ்வாய். கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும், நெற்றியிலே நீறணிந்த தாய்மாரும், கையிலே மெழுகுதிரியுடன் வரிசையில் நிற்பதை அன்று காணலாம். ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க மதம் தடைப்பட்டிருந்த காலத்தில், வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்த அந்தோனியோ அடிகளார் கரையை அரித்து வந்த கடலைச் சிலுவை நாட்டி மன்றாடித் தடுத்தார் என்பது இத்தலத்தின் தொல்கதை. கோவாவிலிருந்து திருச்சுரூபம் 1822 இல் வந்தது. இன்றுள்ள கோவில் 1834 இல் அபிஷேகம் பெற்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் இங்கே நிகழ்ந்த கொடுமையை நேயர்கள் அறிவர். அன்று மாண்டோரின் நினைவாக எழுப்பிய இடத்தில் சற்று நின்றுவிட்டு அப்பால் நடந்தோம்.

கூப்பிடு தூரத்திலே பொன்னம்பலவாணேசர் கோவில். பொன்னம்பல முதலியார் 1857 இல் கட்டிய ஆலயத்தை அவர் மைந்தர் சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே புதுக்கிக் கட்டுவித்தார். வெளியே எத்தனை வெயில் எரித்தாலும் உள்ளே அந்தக் கல்லின் குளிர்ச்சி மாறுவதில்லை. இரண்டு ஆலயங்களின் மணியோசையும் கேட்கக்கூடிய ஒரு முடுக்கினுள்ளேதான் நாம் தேடி வந்த வீடு இருந்தது. தேடுவதற்குச் சிரமமே இருக்கவில்லை. முடுக்கின் வாயிலிலேயே சேவற் குரல் வந்து எம்மை அழைத்துக் கொண்டது.

வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். துறைமுகத்திலே பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி வந்தவராம். பின்புறத்திலே ஒரு லொறி நிற்கக்கூடிய அளவு முற்றம். அதன் மூன்று பக்கமும் பழைய பலகையாலும் கம்பிவலையாலும் அமைத்த கூடுகள். அவற்றுள்ளே பறவையென்று சொல்லத் தயங்குமாறு, உருட்டி வைத்த பஞ்சுப் பொதிகள் போலச் சில உருவங்கள் மெல்ல அசைந்து கொண்டிருந்தன.

"இதுதான் கொச்சின்" என்றார் பெரியவர்.

கொச்சின் கோழியைக் கண்டறியாத நேயர்களுக்காகச் சிறிது சொல்லுவோம். ஊர்க்கோழியைப் போல் இரண்டு மூன்று மடங்கு எடை. நன்கு வளர்ந்த சேவல் 5 கிலோ வரை நிறுக்கும். உடம்பு முழுவதும் தளர்ந்த மென்னிறகு. கால்களிலும் இறகு முளைத்து விரல் நுனி வரை இறங்கியிருப்பதால், பாவாடை கட்டிய மூதாட்டி ஒருத்தி நிலம் பார்த்து நடப்பது போன்ற நடை. செட்டை சிறியது, கூரையேறிப் பறக்கும் வல்லமை இல்லை. குணமோ சாந்தம். பேடு அடை கிடக்க விரும்பும். வாத்து முட்டையை வைத்தாலும் தன் முட்டையென்றே கருதி அமரும். பாரம் தாங்காது சில முட்டைகள் உடைந்து போவதுமுண்டு.

கொச்சிக்கடையிலே கொச்சின் கோழி! ஊருக்கும் கோழிக்கும் உறவு உண்டோ என்று நாம் கேட்டதற்குப் பெரியவர் சிரித்தார். எல்லோரும் அவரிடம் கேட்கும் முதற் கேள்வி அதுதான் போலும். உறவு பெயரளவில் மாத்திரமே. கேரளத்துக் கொச்சியிலிருந்து வந்த வணிகரும் தொழிலாளரும் கடை வைத்திருந்தமையால் இவ்வூர் கொச்சிக்கடையாயிற்று என்பர். மட்டக்களப்பிலே மிளகாயைக் கொச்சிக்காய் என்கிறார்கள். கோழியின் கொச்சியோ வேறு. வியட்நாமின் ஒரு பகுதியைப் போர்த்துக்கீசர் கொச்சின் சைனா என அழைத்தனர். இந்தியக் கொச்சியோடு மயங்காதிருக்கவே 'சைனா' என்ற ஒட்டு. 1842 இல் நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறக்கப்பட்டபின், ஷாங்காய்ப் பக்கத்துப் பெருங்கோழிகள் மேனாடு சென்றன. அனுப்பியவர் எவ்வூரிலிருந்து அனுப்பினாரோ, பெற்றுக்கொண்டவர்கள் கொச்சின் சைனாக் கோழி என்று பெயரிட்டார்கள். பின்னர் 'சைனா' கழன்று விழுந்தது. ஆக, சீனத்துக் கோழி வியட்நாமின் பெயரோடு புறப்பட்டுக் கேரளத்தின் பெயரோடு நிலைத்துவிட்டது!

அக்காலத்தில் இங்கிலாந்திலே விக்டோரியா மகாராணியாரின் வின்சர் மாளிகையிலும் கொச்சின் கோழிகள் வளர்ந்தன. அதைக் கண்டு ஊரெல்லாம் கோழிப் பித்தம் பிடித்தது. அமெரிக்காவிலும் அவ்வாறே, 1849 இல் பொஸ்டன் நகரில் கோழிக் கண்காட்சியே நடந்தது. சீனத்திலிருந்து மேற்கே சென்ற நீராவிக் கப்பல்கள் பல அந்நாட்களில் நமது காலித் துறையிலே தங்கிச் சென்றவை. எனவே ஏதேனும் ஒரு கொச்சின் சேவல் காலியிலே நின்ற கப்பலிலிருந்து கூவியிருக்கலாம் என்று எண்ணுவதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி. காலிக் கோட்டையின் பழைய வாயிலில் ஒல்லாந்தர் 1669 இல் பொறித்த சின்னத்தின் உச்சியிலும் ஒரு சேவல்தானே நிற்கின்றது!

பெரியவருடைய கோழிகள் அவ்வளவு தொலைவிலிருந்து வரவில்லை. நீர்கொழும்புக்கு அப்பால் இன்னொரு கொச்சிக்கடை உண்டு. அங்குள்ள நண்பர் ஒருவரிடம் வாங்கியவை. ஒரே இரத்தத்தில் மீண்டும் மீண்டும் இணைத்தால் முட்டை பொரியாது, பொரித்தாலும் குஞ்சு தேறாது என்பதால், இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் சேவல் மாற்றிக் கொள்வார்களாம். கொச்சிக்கடைச் சேவல் ஓலைக் கூடையில் அமர்ந்து, பஸ்ஸில் ஏறிக் கொச்சிக்கடைக்குப் போகும். நடத்துநர் எங்கே இறங்குவது என்று கேட்டால் குழப்பந்தான்.

இனி, நாம் வந்த காரியம். பெரியவருக்குப் பல ஆண்டுகளாக ஒரே ஓர் ஆசை. நீலக் கொச்சின் வேண்டும். நீலம் என்றால் மயிற்கழுத்து நீலமன்று. மழைக்கு முன்னே கடல்மேல் கவியும் மேகத்தின் நிறம். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் சற்றுக் கருமையான கோடு ஓட வேண்டும். அவர் எம்மை ஓரத்துக் கூட்டுக்கு அழைத்துச் சென்று சாக்கை விலக்கினார். உள்ளே நின்ற சேவலைக் கண்டதும் எமக்குப் பேச்சு எழவில்லை. அத்துணை அழகு. பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயன் அது என்றார்.

நாம் கம்பிவலை அருகே கையைக் கொண்டு போனோம். அடுத்த கணம் அச்சேவல் வலையிலே பாய்ந்து மோதிற்று. விரலைப் பின்னிழுத்திராவிட்டால் இக்கட்டுரையை இடக்கையால் எழுத நேர்ந்திருக்கும்.

சாந்தத்துக்குப் பெயர் போன இனத்திலே இப்படியும் ஒன்று. சில மாதங்களுக்கு முன் பெரியவரின் ஐந்து வயதுப் பேத்தி தீன் போடச் சென்றபோது அது அவள் முகத்திலே பாய்ந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே, ஒரு நெல் அகலத்துக்கு அப்பால், முள் கிழித்த காயம். வைத்தியர் இரண்டு தையல் போட்டார். "மாமா, சேவலா பிள்ளையா?" என்று மருமகள் கேட்டாராம். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. அன்றே சேவல் தனிக் கூட்டுக்குப் போயிற்று. ஆயின், அதை என்ன செய்வது என்பது தீரவில்லை. இணைக்கும் காலம் நெருங்கியிருந்தது. கறுப்புப் பேடுகள் மூன்று முட்டையிடத் தொடங்கியிருந்தன. வீட்டிலே இருந்த மற்றைச் சேவல் ஒன்றே ஒன்று. நீலச் சேவலுடன் ஒரே அடையிலே பொரித்த தம்பி. அதன் நிறத்தைச் சொல்லப் புகுந்தால், வெள்ளைச் சட்டையிலே மை சிந்தி, அதைச் சரியாகத் துவைக்காமல் விட்டது போல இருக்கும். பெரியவர் அதற்கிட்ட பெயரே 'அழுக்கு வெள்ளை'. மடியிலே தூக்கி வைத்தால் அங்கேயே உறங்கிவிடும். அடுத்த திருநாளுக்குக் கறியாவதற்கென விடப்பட்டிருந்தது.

"தம்பி, நிறம் குஞ்சு பொரிச்ச அன்றைக்கே ஓரளவு தெரிஞ்சு போகும். குணம் தெரிய ஆறு மாசம் சோறு போடவேணும்" என்றார் பெரியவர். சேவலுக்கு ஐந்தாறு மாதத்தில் முள் தலைகாட்டி இரத்தம் சூடேறும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். அதுவரை சாதுவாயிருந்தது அன்று மாறலாம். ஆதலால் அவர் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறார். எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே கவனிப்பு. ஒன்றைக் கூடுதலாகக் கொஞ்சினால் பிறவிக் குணம் எது, பழக்கம் எது என்று பிரித்தறிய முடியாது. எட்டாம் கிழமையில் கூட்டுக்குள்ளே கையை வைத்து, எது அணுகுகின்றது, எது மூலைக்கு ஓடுகின்றது என எழுதுவார். பின்னர் ஒரு சிவப்பு வாளியைக் கொண்டுபோய் நடுவில் வைப்பார். எது அலறுகின்றது, எது கொத்திப் பார்க்கின்றது என்று குறிப்பு. தீன் போடுகையில் தன்னிலும் சிறியதை எது விரட்டுகின்றது என்பதற்கும் ஒரு நிரல் உண்டு. துறைமுகத்திலே சரக்குக் கணக்கெழுதிய கண்டிப்பு அக்கொப்பியிலே தெரிந்தது.

இதையே பெரிய அளவில் செய்து பார்த்தோர் உண்டு. சுவீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில், செங்காட்டுக் கோழிகளுள் மனிதனுக்கு அஞ்சாதவற்றைத் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைத்து வந்தார்கள். அச்சமின்மை ஒன்றைத்தான் அவர்கள் தேடினார்கள். பத்துத் தலைமுறைக்குள் அவற்றின் உடல் பருத்து, உடலோடு ஒப்பிடுமிடத்து மூளை சிறுத்துப் போயிற்றாம். நிறத்துக்கும் நடத்தைக்கும் முற்றிலும் தொடர்பில்லை என்றும் சொல்லிவிட இயலாது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், செங்காட்டுக் கோழியையும் வெள்ளை லெக்ஹோர்னையும் கலந்து பெற்ற பேரக்குஞ்சுகளைக் கவனித்தபோது, வெண்மை தரும் பரம்பரையலகு இல்லாமல் காட்டுநிறம் பூண்டவையே மற்றவற்றின் இறகுக் கொத்தலுக்கு மிகுதியும் ஆளாயின. ஆனால் பெரியவரின் நீலச் சேவல் கோபக்காரனானது நீலத்தினாலன்று. நீலத்தையே பார்த்துப் பார்த்து இணைத்தபோது, கூடவே எது வந்தது என்பதை அவர் பாராமல் விட்டதனாலேயாம். இதை நாம் சொல்லவில்லை. அவரே சொன்னார். "பன்னிரண்டு வருசம் நிறத்தையே பார்த்தேன். கொப்பி போடத் தொடங்கினது இந்தப் பிள்ளைக்குக் காயம் பட்டதுக்குப் பிறகுதான்."

நம் தமிழருக்குக் கோழியின் சினம் புதிதன்று. யானையைக் கோழி எதிர்த்து வென்ற கதையால் உறையூருக்குக் கோழி என்றே பெயர் வாய்த்தது. முருகன் கொடியிலே நிற்பதும் சேவலே. தமிழ்நாட்டிலே சண்டைக்கென வளர்த்த அசில் இனத்தில் ஒரு விந்தையைக் காணலாம். வேற்றுச் சேவலைக் கண்டால் உயிர் போகும்வரை போரிடும் அது, வளர்ப்பவன் கையிலே குழந்தையாகிவிடும். சினம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதற்குள்ளே இரண்டு வேறு குணங்கள் இருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. திண்டுக்கல் வட்டாரத்திலே இன்று அவ்வினத்தின் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களைப் போருக்கன்றி அழகுக்காகவே வளர்த்துக் கண்காட்சி நடத்துகின்றார்கள்.

பேச்சினிடையே பெரியவரின் மூத்த பேத்தி தேநீர் கொண்டு வந்தாள். உயர்தர வகுப்பிலே உயிரியல் படிப்பவள். நாம் நிறத்தைப் பற்றிக் கேட்பதைச் செவிமடுத்தவள், "தாத்தா நான் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் பாருங்கோ" என்று கொப்பியின் பின்னட்டையில் நான்கு கட்டங்கள் வரைந்தாள். புனெற் சதுரம் என்று பாடப்புத்தகத்தில் வரும் கட்டம் அது. அப்புனெற் என்பவரும் கோழிகளைக் கொண்டு பரம்பரை இயல்பை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞரே என்பது நேயர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

அவள் விளக்கியது இது. கறுப்பை வெளிறச் செய்யும் பரம்பரையலகு ஒன்று உண்டு. அது தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் வந்தால் குஞ்சு நீலம். இருவரிடமிருந்தும் வந்தால் அழுக்கு வெள்ளை. ஒருவரிடமிருந்தும் வராவிட்டால் கறுப்பு. நீலத்தை நீலத்தோடு இணைத்தால், சராசரியாக நான்கில் இரண்டே நீலமாகும். ஒன்று கறுப்பு, ஒன்று அழுக்கு வெள்ளை. எத்தனை தலைமுறை முயன்றாலும் நீலம் தனித்து நிலைபெறாது. பெரியவர் பன்னிரண்டு ஆண்டு கண்டு மனம் வெதும்பியது இதைத்தான். அழுக்கு வெள்ளைச் சேவலைக் கறுப்புப் பேட்டுடன் சேர்த்தாலோ, தந்தை கொடுப்பது வெளிற்றும் அலகு ஒன்று, தாய் கொடுப்பது கறுப்பு ஒன்று; நான்கு கட்டத்திலும் நீலமே விழும்.

பெரியவர் கட்டங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், கறிக்கென்று விட்டிருந்த சேவலைத் தூக்கி மடியில் வைத்துக் கொண்டார். அது உறங்கத் தொடங்கிற்று.

"தம்பிக்காரன் நல்லவன்தான். ஆனால் அண்ணனுடைய இரத்தம் இவனிலையும் ஓடுது. இவன் பிள்ளைகளில் அது தலைகாட்டினால்?" என்றார்.

அதற்குப் பேத்தியிடமும் கட்டம் இல்லை. நிறத்தை ஓர் அலகு தீர்க்கின்றது. குணத்தையோ பல அலகுகள் கூடிப் பின்னுகின்றன, வளர்ப்பும் அதனோடு சேர்கின்றது. "அதுக்குத்தான் உங்கட கொப்பி இருக்கே, தாத்தா" என்றாள்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்றோம். இம்முறை செவ்வாயன்று; கூட்டத்துக்கு அஞ்சி வியாழன் போனோம். இடையிலே நிகழ்ந்ததைப் பெரியவர் சொன்னார். நீலச் சேவலை விலைக்குக் கேட்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தாராம். கேட்ட தொகை பெரியவரின் இரண்டு மாத ஓய்வூதியத்துக்கு மேல். வீட்டுக் கூரையிலே தகரம் மாற்ற வேண்டியிருந்தது. ஆயினும் கொடுக்கவில்லை. "அவர் நிறத்துக்குத்தான் கேட்டார். குணத்தைச் சொன்னேன், பரவாயில்லை என்றார். அவர் வீட்டிலையும் பிள்ளைகள் இருக்கும்தானே?" அறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. உயர்ந்த சுவரோரமாக ஒரு தனிக் கூடு கட்டி அதிலே விட்டிருக்கிறார். பேடு எதுவும் அதனிடம் போவதில்லை. நாம் நின்ற நேரத்தில் அது இருமுறை கூவிற்று. அயல்வீட்டார் அக்குரலைக் கணக்கு வைத்துத்தான் காலைப் பூசைக்கு எழுகின்றார்களாம். ஆகையால் முறைப்பாடு இல்லை.

கறுப்புப் பேடொன்று பதின்மூன்று முட்டையில் அடை கிடந்து, இருபத்தொராம் நாள் ஒன்பதைப் பொரித்திருந்தது. இரண்டு கூழ்; இரண்டு பாரத்தில் உடைந்தவை. ஒன்பதும் இப்போது புறாவளவு வளர்ந்து முற்றத்திலே மேய்ந்தன. வெளிறிய நீலம், புகை நீலம், இடி மேக நீலம் எனச் சாயல் வேறுபட்டனவேயன்றி, ஒன்பதும் நீலமே. ஒவ்வொன்றின் காலிலும் மூத்த பேத்தி வெவ்வேறு நிற நூல் கட்டியிருந்தாள். சின்னவள் முற்றத்துப் படியிலே அமர்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே வெள்ளைக் கோடு போல் தழும்பு. கையிலே குறுணல். அவள் இன்னும் படியை விட்டு இறங்குவதில்லை, அங்கிருந்தே எறிகின்றாள். மஞ்சள் நூல் கட்டிய குஞ்சு ஒன்று மற்றவற்றை விட்டுப் படிவரை வந்து அவள் காலருகே நின்றது. அவள் காலை மேலே தூக்கிக் கொண்டாள். குஞ்சு போகவில்லை.

பெரியவர் கொப்பியை எடுத்துக் காட்டினார். கை, வாளி, தீன் என மூன்று நிரல்களும் நிரம்பியிருந்தன. மஞ்சள் நூலுக்கு நேரே மூன்றிலும் சரி அடையாளம். பச்சை நூலுக்கு வாளியிலே ஒரு கேள்விக்குறி. நாலாவது நிரலின் தலைப்பில் 'ஆறாம் மாசம்' என எழுதிக் கோடிட்டிருந்தார். அதன் கீழே ஒன்பது கட்டங்களும் வெறுமையாய் இருந்தன.